நோய்க்கு யார் பெயர் வைப்பது?

ஜிம்பாப்வேயின் ஹராரே நகரில், ம்பாரே பகுதியில், சுகாதார நிலையத்துக்கு வெளியே போட்ட மர பெஞ்சுக்கு டாக்டர் டிக்சன் சிபாண்டா முதலில் வைத்த பெயர் 'மனநல பெஞ்சு'. ஒருவரும் வந்து உட்காரவில்லை. உட்கார்ந்தால் ஊர் பார்க்கும். 'அவளுக்கு மூளை சரியில்லையாம்' என்று பொழுது சாய்வதற்குள் சந்தை முழுக்கப் பேச்சாகிவிடும். அந்த பெஞ்சில் வேலை பார்க்க வந்த பாட்டிகள்தான் பெயரை மாற்றச் சொன்னார்கள். மாற்றுப் பெயரையும் அவர்களே கொடுத்தார்கள்: 'சிகாரோ செகுபனமசானோ'. ஷோனா மொழியில், ஒருவருக்கொருவர் யோசனை சொல்லிக்கொள்ளும் பெஞ்சு. ஆங்கிலத்தில் அது 'நட்பு பெஞ்சு' ஆனது. பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள்.

இது 2006-ல் தொடங்கிய கதை. அதற்கு முந்தைய ஆண்டு ஜிம்பாப்வே அரசு நகரங்களில் குடிசைகளையும் தெருக்கடைகளையும் இடித்துத் தரைமட்டமாக்கியது. அந்த நடவடிக்கைக்கு அரசே வைத்த பெயர் 'முரம்பட்ஸ்வினா'. குப்பையை அகற்றுதல் என்று பொருள். சுமார் 7 லட்சம் பேர் வீட்டையோ பிழைப்பையோ இழந்ததாக ஐ.நா. கணக்கிட்டது. மிகப் பழைய குடியிருப்பான ம்பாரேவுக்கும் அடி பலமாக விழுந்தது. நாடு முழுவதற்கும் மனநல மருத்துவர்கள் ஒரு டஜன் பேர் தேறினால் அதிகம். சிபாண்டா அவர்களில் ஒருவர்.

அந்தச் சமயத்தில் அவரிடம் சிகிச்சை பெற்ற ஓர் இளம்பெண் தற்கொலை செய்துகொண்டார். மறுபடி வரச் சொல்லியிருந்தார்கள். ஹராரேவுக்கு வர பஸ் கட்டணமான 15 டாலர் அந்தக் குடும்பத்திடம் இல்லை. ஆஸ்பத்திரியில் உட்கார்ந்துகொண்டு நோயாளி வருவாரென்று காத்திருப்பதில் அர்த்தமில்லை என்று அப்போது முடிவு செய்ததாக சிபாண்டா பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். மாநகர சுகாதாரத் துறையிடம் போய் உதவி கேட்டார். நர்ஸ் இல்லை, அறை இல்லை, பணமும் இல்லை என்றார்கள். 14 பாட்டிகளும் கட்டடத்துக்கு வெளியே கொஞ்சம் இடமும் கிடைத்தன.

அந்தப் பாட்டிகளை ஊரில் 'அம்புயா உதானோ' என்பார்கள், சுகாதாரப் பாட்டி. தடுப்பூசி, காசநோய், எய்ட்ஸ் பற்றியெல்லாம் வீடு வீடாகப் போய்ச் சொல்லும் பெண்கள். அதே தெருவில் குடியிருப்பவர்கள், எந்த வீட்டில் யார் குடிக்கிறார், யார் வாடகை பாக்கி என்று தெரிந்தவர்கள். சிபாண்டா ஆரம்பத்தில் பாடநூல் சொற்களோடுதான் அவர்களுக்குப் பயிற்சி கொடுக்கப் பார்த்தார். இந்தச் சொற்களை வைத்துக்கொண்டு எங்கள் ஜனங்களிடம் பேச முடியாது என்று பாட்டிகள் சொல்லிவிட்டார்கள்.

யோசனை முற்றினால்

ஷோனாவில் 'டிப்ரெஷன்' என்பதற்கு நேரான சொல் கிடையாது. இதை விரிவாக ஆராய்ந்து எழுதியவர்களில் ஒருவர் நம்மவர், மும்பையில் பிறந்த மனநல மருத்துவர் விக்ரம் படேல். 1990-களின் முற்பாதியில் அவர் ஹராரேயில் இருந்தார். நாட்டு வைத்தியர்களான 'நங்கா'க்கள், சுகாதாரப் பணியாளர்கள், நோயாளிகள் என்று பலரிடமும், மனம் கெட்டுப்போவதை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள் எனக் கேட்டார். திரும்பத் திரும்ப வந்த சொல் 'குஃபுங்கிசிசா'. 'குஃபுங்கா' என்றால் யோசிப்பது. அதன் வாலில் ஒட்டியிருக்கும் விகுதி, அந்த யோசனை அளவு மீறிப் போனதைச் சொல்கிறது.

அந்த மக்களுக்கு அது நோயின் பெயர் மட்டுமில்லை, காரணமும் அதுதான். புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான், பிள்ளைக்குக் காய்ச்சல், வாடகை கொடுக்கவில்லை. யோசிக்கிறாள். யோசித்துத் தலை வலிக்கிறது, தூக்கம் போகிறது, வயிறு வலிக்கிறது. வலிப்பதால் இன்னும் யோசிக்கிறாள். டிப்ரெஷனும் பதற்றமும் வேறு வேறு என்று புத்தகம் பிரிக்கும். இந்தச் சொல் இரண்டையும் ஒரே முடிச்சில் கட்டிவிடுகிறது.

இந்தப் பேச்சையெல்லாம் வைத்து படேலும் அவருடைய சகாக்களும் 1997-ல் ஒரு கேள்வித்தாளை வெளியிட்டார்கள். 14 கேள்விகள், ஆம் அல்லது இல்லை என்ற பதில் போதும். கடந்த ஒரு வாரத்தில் ஆழமாகவோ பல விஷயங்களைப் பற்றியோ யோசித்துக்கொண்டிருந்தீர்களா என்பதுதான் முதல் கேள்வி. சின்ன விஷயத்துக்கெல்லாம் கோபம் வந்ததா, கெட்ட கனவு வந்ததா, வயிறு வலித்ததா, வேலை தேங்கிப்போனதா, என்ன முடிவெடுப்பது என்று திணறினீர்களா, அழுதீர்களா அல்லது அழத் தோன்றியதா, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றியதா என்று போகிறது பட்டியல். நோயின் பெயர் ஓரிடத்திலும் வருவதில்லை. வயிற்றுவலி வருகிறது. லண்டனில் எழுதிய கேள்வித்தாளில் அது எத்தனையாவது இடத்தில் இருந்திருக்குமோ!

பெஞ்சில் உட்காரும் பெண்ணிடம் பாட்டி இந்த 14-ஐயும் ஒவ்வொன்றாகக் கேட்கிறார். பதில்களில் 'ஆம்' நிறைய விழுந்தால் பேச்சு தொடர்கிறது. முதல் சந்திப்புக்குப் பெயர் 'குவுரா ஃபுங்வா', மனதைத் திறத்தல். வந்தவள் தன் கஷ்டங்களையெல்லாம் கொட்டுகிறாள். குடிகாரப் புருஷன், எச்.ஐ.வி. பரிசோதனை முடிவு, மூன்று மாத வாடகை, மாமியார் பேச்சு என்று நான்கு சேர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பாட்டி குறித்துக்கொள்கிறார். பிறகு கேட்பது ஒன்றுதான்: இதில் எதை முதலில் பார்க்கலாம்? தேர்ந்தெடுக்க வேண்டியவள் அந்தப் பெண். அவள் வாடகை என்றால் வாடகை. புருஷனைத் திருத்துவதுதான் முதல் வேலை என்று பாட்டிக்குத் தோன்றினாலும் சொல்லக் கூடாது. சிபாண்டாவின் பயிற்சியில் பாட்டிகளுக்கு இதுவே மிகக் கடினமான பாடமாக இருந்திருக்க வேண்டும் என்பது என் ஊகம். புத்தி சொல்லாமல் இருக்கும் பாட்டியை நாம் எங்கே பார்த்திருக்கிறோம்?

வாடகைக்கு என்னென்ன வழி என்று இருவரும் யோசிக்கிறார்கள். வீட்டுக்காரரிடம் தவணை கேட்பது, தங்கையிடம் கைமாற்று வாங்குவது, சந்தையில் தக்காளி விற்பது. ஒன்றை எடுத்துக்கொண்டு, யாரிடம், எந்தக் கிழமை, என்னவென்று கேட்பது என்பது வரை பேசி முடிக்கிறார்கள். அடுத்த முறை வரும்போது என்ன ஆயிற்று என்று பாட்டி கேட்பார். இந்தக் கட்டங்களுக்கு 'குசிமுட்சிரா', தூக்கிவிடுதல் என்றும், 'குசிம்பிசா', பலப்படுத்துதல் என்றும் பெயர். மொத்தம் ஆறு சந்திப்புகள் வரை. முடிந்தவர்கள் 'குபட்டானா தோசே' என்ற வட்டத்தில் சேர்ந்துகொள்ளலாம். எல்லோரும் கைகோத்து நிற்பது என்று பொருள். அங்கே பழைய பிளாஸ்டிக்கை நாடாவாக வெட்டிப் பைகள் பின்னுகிறார்கள். கை பின்னிக்கொண்டிருக்கும், வாய் பேசிக்கொண்டிருக்கும். பையை விற்றால் கொஞ்சம் காசும் வரும்.

இதெல்லாம் சரி, குணமாகிறதா? 2016 டிசம்பரில் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழான 'ஜாமா'வில் முடிவு வெளியானது. ஹராரேயின் 24 சுகாதார நிலையங்கள், 573 பேர். பாதி நிலையங்களில் பெஞ்சு. மீதியில் வழக்கமான சிகிச்சையோடு கொஞ்சம் கூடுதல் கவனிப்பு. வந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், ஐந்தில் இருவருக்கு எச்.ஐ.வி. ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, வழக்கமான சிகிச்சை பெற்றவர்களில் 49.9 சதவீதம் பேருக்கு மனச்சோர்வின் அறிகுறிகள் இருந்தன. பெஞ்சில் உட்கார்ந்து எழுந்தவர்களில் 13.7 சதவீதம்.

இந்த இடத்தில் உணர்ச்சிவசப்பட்டு, ஆப்பிரிக்கப் பாட்டிகளின் ஆதி ஞானம் மேற்கத்திய மருத்துவத்தை வென்றது என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். அப்படியில்லை. பெஞ்சில் நடப்பது, பிரச்சினையை எதிர்கொண்டு தீர்க்கும் சிகிச்சை முறை. 1971-ல் டிசுரில்லா, கோல்ட்ஃபிரைட் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் வகுத்த முறையின் வழியில் வந்தது. பாட்டிகள் கொண்டுவந்தது பெயரை. அந்தப் பெயரும் இந்த முறையும் ஒன்றோடொன்று அச்சாகப் பொருந்தின என்பதுதான் ஹராரேயின் அதிர்ஷ்டம். யோசனை முற்றியதுதான் நோய் என்றால், ஒரு யோசனையை மட்டும் எடுத்து முடித்துவைப்பதுதான் மருந்து. யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பெயரிலேயே மருந்துச்சீட்டு பாதி எழுதியாகிவிட்டது.

'குஃபுங்கிசிசா' 2013-ல் அமெரிக்க மனநல மருத்துவர்களின் நோய்க் கையேட்டின் ஐந்தாம் பதிப்பில், பண்பாடு சார்ந்த துயரச் சொற்களின் பட்டியலில் இடம்பிடித்தது. பெஞ்சும் மலாவி, சான்சிபார், நியூயார்க் என்று பயணம் போனது. 2022 கத்தார் கால்பந்து உலகக் கோப்பையின்போது உலக சுகாதார நிறுவனத்தின் ஏற்பாட்டில் அணிக்கொன்றாக 32 பெஞ்சுகள் போட்டார்கள். அங்கே எத்தனை பேர் மனதைத் திறந்தார்கள், எத்தனை பேர் செல்ஃபி எடுத்தார்கள் என்ற கேள்வியை விட்டுவிடலாம்.

'ரொம்ப யோசிக்கிறேன்' என்பது ஷோனாவுக்கு மட்டும் சொந்தமில்லை. 2015-ல் போனி கைசரும் சகாக்களும் 138 வெளியீடுகளைத் தொகுத்து எழுதிய கட்டுரையில், உலகின் பல மூலைகளிலும் மக்கள் தங்கள் துயரத்தை இப்படித்தான் சொல்கிறார்கள் என்று காட்டினார்கள். ஆனால் சொல் ஒன்றாக இருந்தாலும் அதோடு ஒட்டிவரும் வைத்தியம் வேறு. கம்போடியாவில் அதிகம் யோசித்தால் உடம்பில் 'க்யால்' என்ற காற்று கிளம்பி மேலேறும் என்று நம்புகிறார்கள். அங்கே வைத்தியம் காற்றை இறக்குவது. தைலம் தடவி நாணயத்தால் முதுகிலும் கையிலும் செந்தடம் விழும்வரை தேய்ப்பார்கள். சிரிக்க வேண்டாம். நம் ஊரில் 'வாய்வு' என்ற பெயரில் எத்தனை நெஞ்சுப் படபடப்பு ஓமத்தண்ணீரோடு முடிந்துபோகிறது!

ஜப்பானில் வந்த ஜலதோஷம்

பெயர் மக்களிடமிருந்து வந்தால் பெஞ்சு கிடைக்கிறது. கடையிலிருந்து வந்தால்?

ஜப்பானில் 'உட்சுப்யோ' என்பது ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய கடும் மனநோயின் பெயராக நீண்ட காலம் இருந்தது. சோகமாக இருக்கிறது, வேலைக்குப் போகப் பிடிக்கவில்லை என்பதற்கெல்லாம் அந்தச் சொல்லை யாரும் பயன்படுத்தியதில்லை. அமெரிக்காவில் சக்கைபோடு போட்ட புதிய ரக மனச்சோர்வு மாத்திரைகளுக்கு அங்கே சந்தை இல்லை என்றே கம்பெனிகள் பல ஆண்டுகள் நினைத்தன. 1999-ல் அந்த ரகத்தின் முதல் மாத்திரை ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. அதையொட்டிய பிரசாரத்தில் ஒரு சொற்றொடர் நாடு முழுக்கப் பரவியது: 'கொக்கோரோ நோ கசே'. மனசுக்கு வந்த ஜலதோஷம்.

விளம்பரக்காரரின் மூளையை மெச்சத்தான் வேண்டும். ஜலதோஷம் யாருக்கும் வரும். வந்தால் வெட்கமில்லை, குடும்ப மானம் போகாது. முக்கியமாக, அதற்கு மாத்திரை போடலாம். மாத்திரை விற்பனை மளமளவென்று ஏறியது. இந்தக் கதையை ஈத்தன் வாட்டர்ஸ் என்ற அமெரிக்கப் பத்திரிகையாளர் 2010-ல் வந்த தன் புத்தகத்தில் விரிவாக எழுதியிருக்கிறார். ஜலதோஷம் சில நாளில் தானாகப் போய்விடும், உயிரைக் குடிக்காது. மனச்சோர்வை அதோடு ஒப்பிட்டது நோயாளிகளுக்குச் செய்த அநியாயம் என்று ஜப்பானிய மருத்துவர்களே பிறகு முணுமுணுத்தார்கள்.

ஆனால் வாட்டர்ஸ் சொல்வது மட்டும் முழுக்கதை இல்லை என்று நினைக்கிறேன். அதே காலத்தில் 'உட்சுப்யோ' நீதிமன்றத்திலும் ஏறியது. பெரிய விளம்பர நிறுவனம் ஒன்றில் இரவு பகலாக வேலை வாங்கப்பட்ட இளைஞர் ஒருவர் 1991-ல் தற்கொலை செய்துகொண்டார். அதிக வேலையால் மனச்சோர்வு வந்தது, மனச்சோர்வால் மரணம் வந்தது, நிறுவனமே பொறுப்பு என்று 2000 மார்ச்சில் ஜப்பான் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மானுடவியலாளர் ஜுன்கோ கிதனாகா சுட்டிக்காட்டுவது இதைத்தான்: தொழிலாளிக்கு முதலாளியைக் கேள்வி கேட்க அந்த நோய்ப்பெயர் ஒரு மொழியைக் கொடுத்தது. மருந்துக் கம்பெனி கையில் மாத்திரையாக இருந்தது, வக்கீல் கையில் சாட்சியமானது.

இன்னொரு பெயரை ஜப்பான் கமிட்டி போட்டே மாற்றியது. ஸ்கிட்சோஃப்ரீனியாவை 1937-லிருந்து அவர்கள் 'மனம் பிளந்த நோய்' என்ற பொருளில் அழைத்துவந்தார்கள். மனமே பிளந்துவிட்டதென்றால் ஒட்டவா முடியும்? நோயாளிகளிடம் பெயரைச் சொல்லவே டாக்டர்கள் கூசினார்கள். இந்தப் பெயரை எடுங்கள் என்று 1993-ல் நோயாளிகளின் குடும்பத்தார் சங்கம் கோரிக்கை வைத்தது. 2002-ல் மனநல மருத்துவர்களின் சங்கம் 'தோகோ ஷிச்சோ ஷோ' என்று மாற்றியது. ஒருங்கிணைப்பு குலைந்த நிலை என்று சொல்லலாம். குலைந்தது சேரும் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. 2002-ல் 36.7 சதவீத நோயாளிகளுக்குத்தான் நோயின் பெயர் சொல்லப்பட்டது. அடுத்த இரண்டே ஆண்டுகளில் அது 69.7 சதவீதமாக ஏறியது. நோயின் பெயர் தெரியாமலேயே பல ஆண்டுகள் மாத்திரை விழுங்கிய ஒருவருக்கு இது எத்தனை பெரிய விஷயம்!

தென்கொரியா பத்தாண்டு கழித்து இன்னும் அழகான பெயரைத் தேர்ந்தெடுத்தது. 'ஜோஹ்யோன்ப்யோங்'. தந்தி வாத்தியத்துக்குச் சுருதி கூட்டுவதிலிருந்து எடுத்தது. சுருதி பிசகியிருக்கிறது, கூட்டினால் சரியாகும் என்பது உள்ளர்த்தம். இவ்வளவு நயமான பெயருக்கு அங்கே என்ன ஆயிற்று என்றால், 2016-ல் சோல் நகரின் கங்நம் ரயில் நிலையம் அருகே ஓர் இளம்பெண் கொல்லப்பட்டார். கொலையாளிக்கு இந்த நோய் என்று போலீஸ் சொன்னது. செய்திகளில் அந்தச் சொல் திரும்பத் திரும்ப வந்தது. சுருதியெல்லாம் கழன்றுபோய், பழைய பெயரின் பயம் புதிய பெயரிலும் ஏறிக்கொண்டது.

இதில் நமக்கு ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. சென்னையில் 1794-ல் தொடங்கிய மனநல மருத்துவமனைக்கு எத்தனை பெயர் மாற்றினாலும், 'நீ கீழ்ப்பாக்கம் போக வேண்டிய கேஸ்' என்று பஸ்ஸில் சண்டை போடுகிறவர் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறார். பாவம், அந்தப் பேட்டைக்காரர்கள்.

நியூஸிலாந்தில் கெரி ஓபாய் என்ற மாவோரி மொழி அறிஞர் 2017-ல் மனநலத்துக்கும் மாற்றுத்திறனுக்கும் ஒரு சொற்றொகுதியை வெளியிட்டார். ஆட்டிசத்துக்கு அவர் உருவாக்கிய 'தக்கிவாதங்கா' என்ற சொல்லை ஆங்கிலம் பேசும் பெற்றோர்கூட எடுத்துக்கொண்டார்கள். தனக்கென்று ஒரு நேரம், தனக்கென்று ஓர் இடம் என்பது அதன் பொருள். இப்படிச் சொல்லும்போது குழந்தையைத் திருத்துவது வேலையில்லை. அதன் நேரத்துக்கு நாம் காத்திருப்பதுதான் வேலை என்றாகிறது.

டென்ஷன், அழுத்தம், பேய்

தமிழில் ஸ்கிட்சோஃப்ரீனியாவுக்கு நாம் வைத்திருப்பது 'மனச்சிதைவு'. ஜப்பான் தூக்கியெறிந்த பெயருக்கு அண்ணன். பிளந்ததையாவது ஒட்டலாம், சிதைந்ததை என்ன செய்வது? துண்டறிக்கையில் இந்தத் தலைப்பைப் போட்டுவிட்டு, உள்ளே 'மருந்து சாப்பிட்டால் இயல்பாக வாழலாம்' என்று அச்சடிக்கிறோம். படிக்கிறவர் எதை நம்புவார்?

அதைவிட அன்றாடம் குழப்புவது 'மனஅழுத்தம்'. ஆபீஸ் வேலைப் பளுவுக்கும் அதே சொல், மாதக்கணக்கில் படுக்கையை விட்டு எழ முடியாத நோய்க்கும் அதே சொல். நோய்க்கு 'மனச்சோர்வு' என்று தனிச்சொல் இருந்தும் பத்திரிகைகளும் தொலைக்காட்சிகளும், எங்களையும் சேர்த்துத்தான், கைக்கு வந்ததைப் போட்டுவிடுகிறோம். அழுத்தம் என்றால் பளுவை இறக்கினால் தீரும். எனவே லீவு போடு, கொடைக்கானல் போய் வா, யோகா செய் என்பார்கள். கொடைக்கானல் போய்வந்தும் எழ முடியாதவர், தன்னிடம்தான் ஏதோ கோளாறு என்று முடிவு செய்துகொள்கிறார்.

மக்கள் உண்மையில் என்ன சொல்கிறார்கள்? ஆட்டோ ஓட்டுகிறவரும் ஐ.டி. கம்பெனிக்காரரும் ஒரே குரலில் சொல்வது 'டென்ஷன்'. அது இனி ஆங்கிலச் சொல்லே இல்லை. தலைவலி, தூக்கமின்மை, கடன், மருமகள், ரத்தக்கொதிப்பு எல்லாவற்றுக்கும் அதில் இடமுண்டு. சொல்வதில் வெட்கமும் இல்லை. பெரியவர்கள் 'மனசே சரியில்ல' என்பார்கள், 'மண்டைக்குள்ள ஒரே யோசனையா ஓடுது' என்பார்கள். கிட்டத்தட்ட குஃபுங்கிசிசாதான். ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு மூட்டுவலி என்று வரும் பெண்ணிடம், உங்களுக்கு டிப்ரெஷன் இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்பார். ராத்திரி யோசனை ஓடுகிறதா என்று கேட்டுப் பார்க்கலாம்.

பேய், காற்று, ஏவல் என்ற பெயர்களை மூடநம்பிக்கை என்று ஒரே வீச்சில் ஒதுக்கவும் எனக்கு மனம் வரவில்லை, அணைக்கவும் வரவில்லை. தமிழ்நாட்டுக் கிராமம் ஒன்றின் முத்துசுவாமி கோயிலில் தங்கிக் குணம் தேடிய 31 பேரைப் பற்றி பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனத்தின் ரகுராமும் சகாக்களும் 2002-ல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார்கள். அங்கே மருந்தும் இல்லை, தனிச் சடங்கும் இல்லை. சாமி கும்பிட்டு, கூட்டிப் பெருக்கி, செடிக்குத் தண்ணீர் ஊற்றி, யாரும் விரட்டாத இடத்தில் சில வாரம் இருந்தார்கள். நோய் அறிகுறிகளின் மதிப்பெண் ஏறக்குறைய 20 சதவீதம் இறங்கியிருந்தது. சிறிய ஆய்வுதான், ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு கிடையாது. அதற்கு முந்தைய ஆண்டு, 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடி தர்கா அருகே மனநோயாளிகளுக்கான தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பிடித்தது. சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தார்கள். தெய்வம் பார்த்துக்கொள்ளும் என்ற அதே நம்பிக்கைதான் அவர்களையும் அங்கே கொண்டுபோய் விட்டிருந்தது. ஓரிடத்தில் விளக்குமாறு கொடுத்தார்கள், இன்னோரிடத்தில் சங்கிலி போட்டார்கள்.

பட்டியல் கேட்கிறார்கள்

இலங்கைத் தமிழில் கவுன்சிலிங்குக்கு 'உளவளத்துணை' என்ற சொல் வழக்கில் நிலைத்துவிட்டது. நம் 'ஆலோசனை'யில் ஒருவர் மேலே உட்கார்ந்து சொல்வார், ஒருவர் கேட்டுக்கொள்வார். 'துணை'யில் கூடவே நடக்க வேண்டியிருக்கிறது. போர்க்காலத்தில் இந்தச் சொல்லுக்கு வேலை மிக அதிகம். யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம், நோயாளிகள் 'பெருமூச்சு' என்று வந்து சொல்வதை ஒரு துயர மொழியாகவே பதிவு செய்தார். நெஞ்சில் கருவி வைத்தால் ஒன்றும் இராது; மூச்சு மட்டும் நீளமாக வெளியே போகும். மூச்சுப் பயிற்சி, சாந்தி ஆசனம், அவரவர் மதத்துக்கேற்ற மந்திர உச்சாடனம் என்று ஊருக்குத் தெரிந்த வழிகளை அவர் சிகிச்சைக்குள் கொண்டுவந்தார். 2004 சுனாமிக்குப் பிறகு வெளிநாட்டிலிருந்து சிகிச்சையாளர்கள் பெட்டியும் படிவமுமாக வந்து இறங்கியபோது இந்த அனுபவம் ஏற்கனவே அங்கே இருந்தது.

2009-ல் போர் முடிந்த பின் அந்தத் துணைக்கும் எட்டாத ஒரு துயரம் வந்து சேர்ந்தது. பிள்ளை செத்துப்போனால் அழ வழி உண்டு. எட்டுச் செலவு, அந்தியேட்டி, கீரிமலையில் பிதிர்க்கடன், ஆண்டு திரும்பினால் திவசம். ராணுவத்திடம் ஒப்படைத்த பிள்ளை திரும்பி வராவிட்டால் எந்தத் திதியைக் கணக்கில் எடுப்பது? புருஷனைக் காணாதவள் பொட்டு வைப்பதா, விடுவதா? வைத்தால் ஒரு பேச்சு, விட்டால் ஒரு பேச்சு. மரணச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள் என்று அரசு சொன்னபோது பல தாய்மார் மறுத்தார்கள். வாங்கினால் தாங்களே கொன்றது போலாகும். 2016-ல் சட்டத்தைத் திருத்தி, ஆளைக் காணவில்லை என்று மட்டும் சொல்லும் சான்றிதழ் ஒன்றைக் கொண்டுவந்தார்கள். பெயர் கொஞ்சம் இளகியது, பதில் வரவில்லை.

இந்தத் தாய்மாரின் நிலையை மருத்துவ மொழியில் உளநெருக்கீடு எனலாம், முடிவு தெரியாத இழப்பு எனலாம். அவர்களில் பலருக்குத் தூக்கமில்லை, பெருமூச்சு உண்டு, யோசனையும் உண்டு. மாத்திரையும் துணையும் வேண்டியிருக்கிறது என்பதும் உண்மை. ஆனால் நோய்ப்பெயர் வைத்த மாத்திரத்தில் வேலை ஆலோசகருடையது ஆகிவிடுகிறது, அரசாங்கத்தின் பொறுப்பு கழன்றுவிடுகிறது. 2017 பிப்ரவரியில் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் அவர்கள் தெருவோரம் பந்தல் போட்டு உட்கார்ந்தார்கள். ஆண்டுகள் போயின. பந்தலில் இருந்தபடியே முதுமையாலும் நோயாலும் பலர் இறந்துபோனார்கள். மிஞ்சியவர்கள் படங்களைப் பிடித்துக்கொண்டு தொடர்ந்தார்கள். அவர்களின் முதல் கோரிக்கைகளில் ஒன்று, போர் முடிந்த நாட்களில் ராணுவத்திடம் சரணடைந்தவர்களின் பெயர்ப் பட்டியலை வெளியிட வேண்டும் என்பது.